மரகதத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை

"டீச்சர், திருடின கைக்குக் கைதட்டுறதுதான் உங்க வகுப்புல வழக்கமா?"

செருப்பைக் கழற்றும்போதே செண்பகவல்லி இதைக் கேட்டுவிட்டாள். மூச்சு இன்னும் படியிலேயே இருந்தது, கேள்வி மட்டும் முந்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

ஜோவிட்டா டீச்சர் நிமிரவில்லை. ஒரு அட்டையின் ஓரத்தில் பஞ்சால் நீல மையை ஒற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல."

தென்னூரில் ஒரு தையல் மிஷின் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் டீச்சரின் வகுப்பு. தாள், மை, ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டென்சில், கிழித்த பேப்பர், பசை எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து அட்டை செய்யச் சொல்லித்தருவாள். அவளுக்குச் செண்பகத்தின் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் அந்த அறைக்குள் வந்துவிட்டால் பேரன் எடுத்தவர்கள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு குறை. எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து நேரான பதில் வராது. அது தெரிந்துதான் எல்லோரும் படியேறினார்கள், தெரிந்துதான் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

செண்பகம் நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் தாளில் கொக்குக் கூட்டம் ஒன்றை அவள் ஸ்டென்சிலாக வெட்டியிருந்தாள். காவேரிப் பாலத்தில் சாயங்காலம் நின்று நின்று பார்த்து மனசில் ஏற்றிக்கொண்ட கொக்குகள். ஒவ்வொன்றுக்கும் கழுத்து ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கும். வெட்டியபோது ஓட்டையிலிருந்து விழுந்த கொக்கு வடிவத் துண்டுகளைக் கூட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தது மரகதம்.

மரகதம் யார்? செண்பகத்தின் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வகுப்பில் சேர்ந்தார்கள், ஒரே ஆட்டோவில்தான் வந்துபோனார்கள்.

பொறுக்கிய துண்டுகளை மரகதம் ஒரு அட்டைமேல் பரப்பினாள். சுற்றிலும் ஆரஞ்சும் ஊதாவுமாக மையை ஒற்றினாள். துண்டுகளை எடுத்ததும் அந்தி வானத்தில் வெள்ளைக் கொக்குகள் பறந்தன. அது வகுப்புக் கண்காட்சிக்குப் போனது, அங்கே எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள், பேப்பர்காரர் போட்டோ எடுத்தார். 'மரகதத்தின் வெள்ளைக் கொக்குகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே மரகதம் பல் தெரியச் சிரிக்கிறாள்.

செண்பகத்தின் பேர் எங்கேயும் இல்லை. மரகதம் சொல்லவும் இல்லை.

"ஒரு வார்த்தை டீச்சர். இது செண்பகம் வெட்டினதுன்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்குக்கூட அவ வாய் வலிச்சிருச்சு."

டீச்சர் அந்த ஸ்டென்சிலைக் கேட்டாள். செண்பகம் பையிலிருந்து உருவிக் கொடுத்தாள். டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல கொக்கு எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க."

செண்பகம் விரலை நீட்டினாள். விரல் ஓட்டைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

"விளையாடாதீங்க டீச்சர். வெட்டினது என் கை."

"கீழ விழுந்தது?"

"அது குப்பை."

"குப்பையைத்தானே அவங்க எடுத்தாங்க."

செண்பகத்துக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. நியாயம் கேட்டு வந்த இடத்தில் இந்தப் பெண் புதிர் போடுகிறாள். அதுவும் யாருக்கு? வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதிப் பாடத்தைத் தானே சொல்லிக்கொடுக்கிற செண்பகத்துக்கு.

பேசிப் பயனில்லை என்று தீர்மானித்தாள். கையால் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தாள்.

"பெரிய ரப்பர் ஒண்ணு கொடுங்க. ஸ்டாம்ப் செதுக்கணும்."

டீச்சர் இருப்பதிலேயே பெரிய ரப்பர் கட்டியை எடுத்து வைத்தாள். கேட்காமலேயே செதுக்கும் கத்திக்குப் புது பிளேடும் மாட்டித் தந்தாள்.

செண்பகம் முதலில் அட்டையைத் தயார் பண்ணினாள். வழவழப்பான கனத்த அட்டை. பேப்பரில் வந்த மரகதத்தின் படத்தை ஓரம் பிசிறாமல் கிழித்து நடுவில் ஒட்டினாள். அதைச் சுற்றித் தன் ஸ்டென்சிலை வைத்துத் தங்க நிறத்தில் கொக்குகளை ஒற்றினாள். அதற்கும் பின்னால் மெலிசாக நீலம் படரவிட்டாள். மூலைகளில் டிஷ்யூ தாளைக் கசக்கி ஒட்டி அதன் மடிப்புகளில் செம்பு நிறம் தேய்த்தாள்.

அவ்வளவு அழகு எதற்கென்று கேட்டால், அதிலும் கணக்கு இருந்தது. வாழ்த்து அட்டை என்று நினைத்து மரகதம் ஆசையாகக் கையில் வாங்க வேண்டும். வாங்கிப் பூரிக்க வேண்டும். பூரித்துக்கொண்டே கண்ணைக் கீழே இறக்கும்போது அந்தச் சொல்லைப் படிக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே அந்தச் சொல்லுக்கு இடம் விட்டிருந்தாள்.

பிறகு ரப்பரை எடுத்தாள். பென்சிலால் எழுதினாள்: துரோகி.

செதுக்க ஆரம்பித்தாள். கத்தி ரப்பருக்குள் சரக் சரக்கென்று இறங்கியது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நினைப்பு வந்தது. தன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராவும் பகலும் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தவள் இந்த மரகதம்தான். அந்த நினைப்பு வந்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, இன்னும் ஏறியது. அப்படி இருந்தவள் இப்படிச் செய்யலாமா என்று கத்தியை இன்னும் ஆழமாக இறக்கினாள்.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யார் படிக்கிறதுக்கு செதுக்குறீங்க?"

"அவ படிக்கிறதுக்கு."

டீச்சர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

கரியைப் போலக் கறுத்த மை ஒன்று அலமாரியில் இருந்தது. கெட்டியாக இருக்கும், வழவழப்பான அட்டையில் காயவே காயாது. ஆனால் தோலில் பட்டுவிட்டால் சோப்புக்கும் அசையாது. வேண்டுமென்றே அதை எடுத்தாள். ஸ்டாம்ப்பில் அப்பு அப்பென்று அப்பினாள். இடத்தைக் குறிபார்த்து வைத்து, எழுந்து நின்று, முழு உடம்பின் பலத்தையும் கொடுத்து அழுத்தினாள்.

எடுத்தாள்.

அட்டையில் கறுப்பாக ஏதோ இருந்தது. என்ன பாஷை என்றே தெரியவில்லை. எழுத்தில் வால் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு இருந்தது, கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் வால் இருந்தது, எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

ஸ்டாம்ப்பில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். முதல் நாள் பாடம் அது. 'ஸ்டாம்ப்ல தப்பாத் தெரிஞ்சாத்தான் தாள்ல சரியா வரும்' என்று புதிதாக வருகிறவர்களின் மணிக்கட்டைத் தட்டித் தட்டிச் சொல்வதே செண்பகம்தான். அவளே மறந்துவிட்டாள்.

வெட்கப்பட வேண்டிய நேரம். ஆனால் கோபக்காரர்களுக்கு வெட்கம் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. அவள் டீச்சர்மேல் பாய்ந்தாள்.

"பக்கத்துலயே நின்னு பாத்தீங்களே. சொல்லியிருக்கக் கூடாதா? நான் அசிங்கப்படணும்னுதானே நின்னீங்க?"

டீச்சர் எழுந்து வந்தாள். ஸ்டாம்ப்பை எடுத்து அதன் முகத்தைச் செண்பகத்தின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

"படிங்க."

"துரோகி. அதான் நல்லாத் தெரியுதே."

"அப்ப சரியாத்தானே செதுக்கியிருக்கீங்க."

சொல்லிவிட்டு ஸ்டாம்ப்பை மேஜையில் வைத்தாள். செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வகுப்பு, இந்த டீச்சர், இந்தப் பசை நாற்றம் எல்லாவற்றுக்கும் இன்றோடு ஒரு கும்பிடு என்று மனசுக்குள் சொன்னாள். ஆனால் அட்டையை விடுவதாக இல்லை. இன்னொரு ரப்பர் வாங்கி, ஒழுங்காகத் திருப்பிச் செதுக்கி, அந்தக் கிறுக்கல் மேலேயே அழுத்திவிடலாம்.

அப்போதுதான் படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர், செண்பகம் இங்க வந்தாளா? போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்குறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

மரகதத்தின் குரல்.

செண்பகத்துக்குக் கை தானாக ஓடியது. விரித்த உள்ளங்கையை அந்தக் கறுப்புக்கு மேலே பளாரென்று வைத்து மூடினாள். மூடி, அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தன் கோபத்துக்கு உரியவள் நேரில் வந்து நிற்கிறாள், நேரிலேயே கேட்டிருக்கலாம். ஏன் மூடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மரகதம் உள்ளே வந்தாள். தலை கலைந்திருந்தது. நேராகச் செண்பகத்திடம் வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. நல்லா இருக்கிறவள் போனை எடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று பொரிந்தாள்.

அப்புறம்தான் மரகதம் மேஜையைப் பார்த்தாள். தங்கக் கொக்குகளைப் பார்த்தாள். நடுவில் தன் படத்தைப் பார்த்தாள். பொரிந்துகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

"என் படமா? எனக்கா செய்யுற?"

செண்பகம் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மை டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் போனை எடுக்கலையா? சொல்லாம கொள்ளாம செய்யணும்னா?" மரகதத்தின் குரல் தழுதழுத்தது. "கையை எடுடி. கீழ என்ன எழுதியிருக்க, பாக்குறேன்."

"இன்னும் காயல."

"பரவால்ல, எடு."

செண்பகம் எடுக்கவில்லை. மரகதம் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். அட்டையில் ஈர மை பாதி ஒட்டியும் பாதி விட்டும் கிடந்தது. மரகதம் தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தாள், அப்படிச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

"அடடா, எழுதினதையெல்லாம் ஈசிட்டியே. கை பூரா மை. காட்டு."

முந்தானையை இழுத்துக்கொண்டு, துடைப்பதற்காகச் செண்பகத்தின் கையை மல்லாக்கத் திருப்பினாள்.

உள்ளங்கை நிறைய அந்தச் சொல் இருந்தது. தாளில் திரும்பிக்கொண்ட எழுத்து கையில் நேராக வந்து உட்கார்ந்திருந்தது. கொம்பு கொம்பின் இடத்தில், வால் வாலின் இடத்தில். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டாமல் படித்துவிடும்.

மரகதம் படித்தாள்.

அவள் முகம் சிவந்தது. முந்தானையை விட்டாள், கையை விடவில்லை. செண்பகத்தின் கண்ணுக்குள் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"எவடி உன்னை இப்படிச் சொன்னவ?"