தொடாமல் சொல்லும் டெஸ்டர்

"அம்மா, இந்தக் குடிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னும் என்னை யாரும் ஒரு வேலையும் செய்ய விடமாட்டேங்கறாங்க."

ஏகநாதன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

அரசியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு விடலை?"

"என் சம்சாரம்தான்."

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "ஆணி அடிக்கச் சொன்னா விரலை அடிச்சுக்கறார். தண்ணி இறைக்கச் சொன்னா வாளி கிணத்துக்குள்ள போயிடுது, கயிறு மட்டும் மேல வருது. எப்படிம்மா விடறது?"

குரல் மனோரஞ்சிதத்தினுடையது.

ஏகநாதனுக்கு அறுபத்து மூன்று வயது. ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயால் செய்யாத வேலையே அவருக்குத் தெரியாது என்று மனைவி சொல்வார். இருவரும் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்த இந்தக் குடிலுக்கு அரசியம்மாவைத் தேடி வந்தவர்கள்.

மங்கையர்க்கரசி என்பது அரசியம்மாவின் முழுப்பெயர். ஏகநாதனைவிட இருபது வயது இளையவர். குடில் தொடங்குவதற்கு முன்னால் சுவிட்ச்போர்டு செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர்.

"என்ன வேலை செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார் அரசியம்மா.

"சாப்பாட்டுக் கூடத்து ஃபேன் சுவிட்ச் படபடன்னு பொறி விடுது. நாளைக்குப் பௌர்ணமி, ஊரே சாப்பிட வரும். எலக்ட்ரீசியன் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கார். இந்த வெயில்ல ஃபேன் இல்லாம எப்படி? நான் மாத்தறேன்."

அடுக்களையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

"சரி," என்றார் அரசியம்மா. "நான் பக்கத்துல இருக்கேன். நான் நில்லுன்னா நிக்கணும். முதல்ல டவுனுக்குப் போய், தொடாம சொல்ற டெஸ்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பேனா மாதிரி இருக்கும். வயர் பக்கத்துல கொண்டுபோனாலே போதும், கரன்ட் இருந்தா கத்தும்."

ஏகநாதன் அடுத்த பஸ்ஸில் போனார். மதியத்துக்குள் திரும்பினார். கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பேனா.

"எதைப் பார்த்து வாங்கினீங்க?"

"நிறம் பளிச்னு இருந்துச்சும்மா."

அரசியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடமே நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

ஏகநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். "ஒண்ணும் எழுதலையே."

"எத்தனை வோல்ட்ல இருந்து கண்டுபிடிக்கும்னு சொல்லாது. எவ்வளவு தாங்கும்னு சொல்லாது. இதைப் பிடிச்சுக்கிட்டு கரன்ட் முன்னாடி நிக்கப் போறீங்க."

ஏகநாதன் மறுபடியும் பஸ் ஏறினார்.

இந்த முறை கடைக்காரரைப் பாடாய்ப் படுத்திவிட்டார். ஒவ்வொரு டெஸ்டரையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் படித்தார். கடைசியில், ஐம்பது வோல்ட்டிலிருந்து ஆயிரம் வரை என்று அச்சிட்ட ஒன்று கிடைத்தது. வீட்டு போர்டுகளில் திடீரென எகிறும் மின்சாரத்தைத் தாங்கும் என்பதற்கான 'கேட் த்ரீ' குறியும் இருந்தது. சத்தமும் போடும், விளக்கும் எரியும்.

"விளக்கு எதுக்குங்க? அதான் கத்துதே," என்றார் கடைக்காரர்.

"தெரியலை. ரெண்டும் இருக்கட்டும்," என்றார் ஏகநாதன்.

குடிலுக்கு வந்ததும் மெயின் போர்டில் 'கூடம்' என்று எழுதியிருந்த எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ளி அணைத்தார். மூலையிலிருந்த இன்னொரு ஃபேன் நின்றுவிட்டதை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூடத்து சுவிட்ச்போர்டுக்கு முன்னால் போய், பேனாவின் முனையை சுவிட்சுகள் மேல் மெதுவாக ஓட்டினார்.

சத்தமில்லை. விளக்குமில்லை.

ஸ்டூலில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"நில்லுங்க," என்றார் அரசியம்மா.

நின்றார்.

"டெஸ்டர் என்ன சொல்லுச்சு?"

"கரன்ட் இல்லைன்னு சொல்லுச்சும்மா."

"சொல்லுச்சா?"

ஏகநாதன் யோசித்தார். "ஒண்ணும் சொல்லலை. சொல்லலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"உங்க ஸ்டேஷன்ல ஒலிபெருக்கி ரிப்பேர் ஆன நாள் உண்டா?"

"ஏன் இல்லாம? மழைக்காலத்துல அடிக்கடி ஆகும்."

"அன்னைக்கு வண்டி வராதா?"

ஏகநாதன் சிரித்துவிட்டார். "அன்னைக்குத்தாம்மா எல்லா வண்டியும் சரியான நேரத்துக்கு வரும்."

சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"அடுக்களைக்குக் கொண்டு போங்க. அங்க கரன்ட் இருக்கு," என்றார் அரசியம்மா.

அடுக்களையில் மனோரஞ்சிதம் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். ஏகநாதன் மிக்ஸி சொருகியிருந்த பிளக்குக்கு அருகே பேனாவைக் கொண்டுபோனார்.

மிக்ஸி ஓடியது. பேனா சும்மா இருந்தது.

"ஏங்க, இது செத்துப்போச்சு போலிருக்கு," என்றார் மனோரஞ்சிதம்.

ஏகநாதன் பேனாவின் மூடியைத் திருகினார். உள்ளே பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தாள். கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. அதை உருவி எறிந்துவிட்டு மூடியை மாட்டினார். மறுபடி பிளக்கருகே கொண்டுபோனார்.

முனையில் சிவப்பு விளக்கு மினுமினுத்தது. கத்தியதா என்று மிக்ஸி இரைச்சலில் தெரியவில்லை.

"ஓ, விளக்கு இதுக்குத்தானா!" என்று கூவினார் ஏகநாதன்.

மனோரஞ்சிதம் மிக்ஸியை நிறுத்தினார். இப்போது சத்தமும் கேட்டது. கீச் கீச் கீச்.

அவ்வளவுதான். ஏகநாதனைப் பிடிக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜ் வயரில் வைத்தார், கத்தியது. கிரைண்டர் பிளக்கில் வைத்தார், கத்தியது. மேசை மேல் வைத்தார், கத்தவில்லை. மனைவியின் நைலான் புடவை முந்தானையில் பரபரவென்று தேய்த்தார். ஒரு கீச்.

"பாரு, உன்கிட்டயும் கரன்ட் இருக்கு!"

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுதா உங்களுக்கு?"

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அரசியம்மாவும் சிரித்தார். "இல்லாத இடத்துலயும் சில நேரம் கத்தும். அதையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. இப்ப கூடத்துக்குப் போகலாம்."

ஏகநாதன் துள்ளி நடந்து கூடத்துக்கு வந்தார். அதே போர்டு. பேனாவை அருகே கொண்டுபோனார்.

கீச் கீச் கீச்.

கையை வெடுக்கென்று இழுத்தார். மறுபடி கொண்டுபோனார். மறுபடி கத்தியது. ஓடிப்போய் மெயின் போர்டைப் பார்த்தார். 'கூடம்' கீழேதான் இருந்தது.

"அணைச்சிட்டேனேம்மா. அணைச்சுத்தானே இருக்கு."



ஸ்க்ரூடிரைவர் ஸ்டூலில் கிடந்தது. சற்று முன்பு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். ஏகநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மனோரஞ்சிதம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது அவர் முகத்தில் கேலி இல்லை.

"போதுங்க. எலக்ட்ரீசியன் வந்து பார்க்கட்டும். ஒரு நாள் வேர்த்தா ஒண்ணும் ஆகாது."

"கொஞ்சம் இரு, ரஞ்சிதம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். முதல்முறையாகப் பேசாமல், நிதானமாகப் பார்த்தார். சுவரில் சாமி படத்துக்கு மேலே ஒரு குட்டி பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அந்த பல்பு எரியுது."

"ஆமா, எரியுது."

"ஊர்ல கரன்ட் போனாலும் அது எரியும். இந்த ஃபேனும் ஓடும்." சட்டென்று எழுந்தார். "இன்வெர்ட்டர்! இந்த போர்டு இன்வெர்ட்டர் லைன்! நான் அணைச்ச எம்.சி.பி.க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!"

"அப்படித்தான் போலிருக்கு."

"தெரிஞ்சுக்கிட்டேதான் சும்மா இருந்தீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? வயர் இழுத்தது நானா? தெரியாததனாலதான் டெஸ்டரைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கையை வைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துறதுக்குத்தான் பக்கத்துலயே நின்னேன்."

இன்வெர்ட்டர் மூலையில் இருந்தது. அரசியம்மா சொல்லச் சொல்ல, ஏகநாதன் அதற்கு மட்டும் வரும் மெயின் லைனை அணைத்தார். பிறகு இன்வெர்ட்டரையும் அணைத்தார். குட்டி பல்பு அணைந்தது.

போர்டில் பேனாவை வைத்தார். சத்தமில்லை. விளக்குமில்லை.

மனோரஞ்சிதம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். ஏகநாதன் வாங்கவில்லை. பேனாவோடு அடுக்களைக்கு நடந்தார். பிளக்கில் வைத்தார். கீச் கீச். திரும்பி வந்து போர்டில் வைத்தார். அமைதி. மறுபடி அடுக்களைக்குக் கிளம்பினார்.

"மறுபடியும் எதுக்குங்க? இப்பத்தானே போனீங்க?" என்றார் மனோரஞ்சிதம்.

"இங்க வந்தப்புறம் பேனாவுக்கு உயிர் போயிருந்தா?"

அடுக்களையில் பேனா கத்தியது.

அரசியம்மா தம் அறையிலிருந்து வோல்ட் அளக்கும் பழைய மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். போர்டின் மூடியை அவரே கழற்றினார். மீட்டரின் இரண்டு முனைகளையும் வயர்களில் வைத்துக் காட்டினார். பூஜ்யம்.

"பேனாதான் சொல்லிடுச்சேம்மா?"

"அது தொடாம சொன்னது. இது தொட்டுப் பார்த்துச் சொல்லுது. நீங்க தொடப் போறவர்."

பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் ஏகநாதன் கைக்குப் போனது.

பழைய சுவிட்சைக் கழற்றினார். அதன் உள்பக்கம் கருகிப்போயிருந்தது. டவுனில் வாங்கி வந்திருந்த புதியதை மாட்டினார். ஒரு திருகாணி கைநழுவிக் கீழே உருண்டது. மனோரஞ்சிதம் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். அரசியம்மா ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார். மூடியைப் போட்டு முறுக்கியதும் மெயினும் இன்வெர்ட்டரும் உயிர்பெற்றன.

ஏகநாதன் சுவிட்சைத் தட்டினார். பொறி இல்லை. ஃபேன் சுற்றியது.

மறுநாள் பௌர்ணமி. கூடம் நிறைய ஜனங்கள். ஏகநாதன் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒவ்வொருவரிடமும் நின்று ஃபேனைக் காட்டினார். "நான் மாத்தின சுவிட்ச்சுங்க," என்றார். மனோரஞ்சிதமும் இரண்டு பேரிடம், "இவர் மாத்தினதுதான்," என்று சொன்னதை அவர் காதால் கேட்டார்.

பந்தி முடிந்ததும் அரசியம்மாவிடம் வந்தார். பேனா சட்டைப்பையில் குத்தியிருந்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"அம்மா, தோட்டத்து மோட்டார் ரூம் போர்டுலயும் ஒரு சுவிட்ச் ஆடுது. நானே போய்ப் பார்த்துடறேன். நீங்க வர வேண்டாம். இப்ப எனக்குக் கரன்ட்னா துளிகூடப் பயமில்லை."

அரசியம்மா கையை நீட்டினார்.

"டெஸ்டரைக் குடுங்க."