நம்மில் சிலர்

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு நாற்பத்தொன்று. என்ன செய்வது, அப்படித்தான் அமைந்தது.

சீடர் சிலுவைமுத்து ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். குரு தில்லைநாயகி, தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை பஸ் ஏறி வருகிறவர். முதல் நாள், "இந்தப் பிள்ளையா எனக்குச் சொல்லித்தரப் போகுது" என்று முனகியவர்தான் சிலுவைமுத்து. இப்போது குரு வரும் நாளில் மறக்காமல் வடை வாங்கி வைக்கிறார்.

அந்த வாரம் வடையை அவர் தொடவில்லை.

"ஏழாம் வகுப்புல இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை, மேடம். கணக்குத் தப்பாச் சொன்னா கதிரேசன் வாத்தியார் கிண்டல் பண்றாராம். வகுப்பே சிரிக்குதாம். இனிமே பள்ளிக்கூடம் வேண்டாம், அம்மாகூடத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறேன்னு வீட்டுல அடம்பிடிச்சு உக்காந்திருக்கு."

"கதிரேசன் சார்கிட்ட சொன்னீங்களா?"

"ஸ்டாஃப் மீட்டிங்ல சொன்னேன். 'நம்மில் சிலர் பிள்ளைகளிடம் கடுமையாக நடந்துகொள்கிறோம்'னு."

"அப்புறம்?"

"கதிரேசன்தான் எல்லாருக்கும் முந்தித் தலையாட்டினான். அதட்டக்கூடத் தெரியாத தமிழ் டீச்சர், தன்னைத்தான் சொல்றேன்னு நினைச்சு அழுதுட்டாங்க."

குரு சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது என்பது வேறு விஷயம்.

"அவனும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவங்க. தினமும் ஒண்ணா டீ குடிக்கிறவங்க. மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது? ஒரு வழி சொல்லுங்க, மேடம்."

குரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"நான்தான் கதிரேசன். சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

சிலுவைமுத்து தொண்டையைச் செருமினார். "கதிரேசா, உன்னை மாதிரி கணக்கு நடத்த இந்த ஒன்றியத்துலயே ஆள் கிடையாது. ஆனா பாரு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொட்டாச்சிணுங்கி..."

"ஆமா சார்," என்றார் குரு, கதிரேசனாக. "மத்த டீச்சர்கள்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்."

சிலுவைமுத்துவின் முகம் தொங்கிவிட்டது. அசல் கதிரேசனும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"பிள்ளை பேரையே சொல்லலையே சார். மறுபடி."

மறுபடி சொன்னார். பேர் வந்தது. ஆனால் கண் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தது.

"என்னைப் பாருங்க. மறுபடி."

பார்த்துச் சொன்னார். சொன்ன கையோடு, "தப்பா நினைச்சுக்காதேப்பா, சும்மாதான் சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

"அந்தக் கடைசி வரி வேண்டாம். மறுபடி."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் யாருக்கும் வரும்.

"ஆண்டுவிழா நாடகமா இது? விஷயம்தான் புரிஞ்சிருச்சே. நாளைக்குப் பார்த்துச் சொல்லிக்கிறேன்."

"மீட்டிங்குக்கு முன்னாடியும் விஷயம் புரிஞ்சுதானே சார் இருந்துச்சு?"

சிலுவைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். குருவை நேராகப் பார்த்தார்.

"கதிரேசா, நீ கிண்டல் பண்ணினதால இசக்கியம்மாள் பள்ளிக்கூடம் வரமாட்டேங்கிறா. நாம ரெண்டு பேருமா போய்க் கூட்டிட்டு வருவோம்."

அந்த 'ரெண்டு பேருமா' யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. குரு ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

அடுத்த வாரம் குரு பஸ்ஸை விட்டு இறங்கும்போது, சிலுவைமுத்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கதிரேசன் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிட்டேன் மேடம். பிள்ளை வந்துட்டா. நேத்து ஒரு கணக்குக்குத் தப்பா விடை சொன்னா. கதிரேசன் கிண்டல் பண்ணலை. 'எப்படிப் போட்டே, சொல்லு'ன்னு கேட்டான். நான் வராந்தாவுல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். மனசு குளுந்துபோச்சு."

"கதிரேசன் சார் கோவிச்சுக்கலையா?"

"முதல்ல டீக்கு வராம முறுக்கிக்கிட்டான். அப்புறம் அவனே, 'பிள்ளை வீட்டுக்குப் போவோமா'ன்னு வந்து நின்னான்."

இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். பள்ளி வாசலில் சிலுவைமுத்து நின்றுவிட்டார்.

"எல்லாம் சரி மேடம். அன்னைக்கு நான் கதிரேசன்கிட்ட சொன்ன விதம் சரிதானான்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நான் அங்கே இல்லையே சார். கேட்டவர் உள்ளேதான் இருக்கார். அவரைக் கேளுங்க."

"கதிரேசனையா? நான் அவனுக்கு ஹெச்.எம். மேடம். சரியாச் சொன்னேனாப்பான்னு அவன் முன்னாடி போய் நிக்கவா? தப்புன்னுட்டான்னா என்ன பண்றது?"

குரு வகுப்பறைப் பக்கம் பார்த்தார்.

"அந்தப் பயத்தோடதானே சார் இசக்கியம்மாள் தினமும் விடை சொல்ல எந்திரிச்சு நின்னிருக்கா."