பெண் பார்க்க வந்த கணக்கு

என் அக்கா சொர்ணவல்லியைப் பெண் பார்க்கக் கணக்குப் பேராசிரியர் தில்லைநாயகம் தன் தம்பியோடு வந்த அன்று, வீடெல்லாம் கேசரி மணந்தது. அப்பா இல்லாத எங்களுக்கு மாமா வைத்ததுதான் சட்டம். ஜாதகப்படி மாப்பிள்ளைக்கு வயது முப்பத்திரண்டு. மாமா தலையாட்டிவிட்டார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "பி.எஸ்ஸி. பரீட்சை எழுதிட்டு வரேனே."

தில்லைநாயகம் சிரித்தார். "எல்லாரும் பாடச் சொல்வாங்க. நான் ஒரு கணக்குப் போடறேன். காகிதம் இல்லாம சொல்லிட்டா பரீட்சை எழுது. இல்லேன்னா அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம். பத்து வருஷத்துக்கு முன்னால என் வயசு தம்பி வயசைப் போல ரெண்டு மடங்கு. இப்ப ரெண்டு பேர் வயசையும் கூட்டினா அறுபத்தஞ்சு. தம்பிக்கு என்ன வயசு?"

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. "அப்ப தம்பி வயசு எக்ஸ், உங்களுக்கு ரெண்டு எக்ஸ். ஆக மூணு எக்ஸ். ஆளுக்குப் பத்து வயசு ஏறியிருக்கு. அறுபத்தஞ்சுல இருபது போனா நாப்பத்தஞ்சு. எக்ஸ் பதினஞ்சு. இப்ப தம்பிக்கு இருபத்தஞ்சு."

"கரெக்டா சொல்லிட்டாங்களே," என்றான் தம்பி, கேசரியை மென்றபடி.

"உங்களுக்கு நாப்பது," என்று அக்கா முடித்தாள்.

மாமா ஜாதகத்தை எடுத்து மறுபடி பிரித்தார். தில்லைநாயகம் காப்பியைத் தொடாமலே எழுந்தார்.

அக்கா பரீட்சை எழுதினாள், முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தாள். எனக்கு இன்றும் நெய் மணந்தால் எக்ஸ்தான் ஞாபகம் வரும். மிச்சக் கேசரி முழுவதும் அன்று எனக்குத்தான் கிடைத்தது.