இரண்டு நாள் ஓடிய ஃபில்டர்

"இன்னைக்காவது நான் கார் பானட்டைத் தொறக்கலாமுங்களா, அம்மணி?"

நஞ்சப்பன் கேட்டார்.

சாரதாமணி காரிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஏர் ஃபில்டரை அவரிடம் நீட்டினாள். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் பயிற்சியில் ஓடிய ஃபில்டர். மேலெல்லாம் செம்புழுதி.

"கழுவட்டுங்களா?"

"இதை மட்டும் கழுவ வேண்டாங்ணா. கையில வெச்சிருங்க."

நஞ்சப்பன் வாங்கிக்கொண்டார்.

அவர் எட்டு மாதமாக அதே கேள்வியைக் கேட்கிறார். அவள் எட்டு மாதமாக ஒரு ஃபில்டரைக் கழுவக் கொடுக்கிறாள். கழுவ வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

நஞ்சப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. சாரதாமணிக்கு முப்பத்தெட்டு. வயதில் தங்கை மாதிரிதான், ஆனால் வேலையில் அவள்தான் அவருக்குக் குரு. கோவைக்கு வெளியே ஒரு தகர ஷெட்டில் ரேஸ் கார் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டி வந்தாள். கார் வளைவில் வரும்போதே, சத்தத்தை வைத்து, "அது சாரதாமணி பூட்டினது" என்று சொல்லக்கூடிய ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

நஞ்சப்பன் இருபத்தாறு வருடம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு அவள் ஷெட் வாசலில் போய் நின்றார்.

"எனக்கும் கத்துக்குடுங்க அம்மணி."

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்ணா," என்றாள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது.

பிறகு கிரிதர் என்ற வாடிக்கைக்காரனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை முழுசாக அவர் பொறுப்பில் விட்டாள். நஞ்சப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் துடைத்தார். தினமும் ஃபில்டரைக் கழற்றி, கம்ப்ரஸர் குழாயை எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தார்.

மில்லில் அப்படித்தான். ஷிப்ட் முடியும் போதெல்லாம் இயந்திரத்தின் மேல் படிந்த பஞ்சைக் காற்றடித்து விரட்ட வேண்டும். இருபத்தாறு வருடம் செய்த கை, யாரையும் கேட்காமல் தானாகவே குழாயை எடுத்தது.

அந்த ஃபில்டர் பருத்தித் துணியால் ஆனது. அடித்த காற்றில் நூல் விலகிப்போனது. வெளியிலிருந்து பார்க்கப் புத்தம் புதுசு. உள்ளே ஊசி ஊசியாக ஓட்டை.

ரேஸில் ஒன்பதாவது சுற்றில் கார் நீலப் புகை கக்கி நின்றுவிட்டது. புழுதி இன்ஜினுக்குள் புகுந்து எல்லாவற்றையும் அரைத்திருந்தது.

சாரதாமணி இன்ஜினைப் பிரித்தாள். உடைந்த பிஸ்டன் ரிங் துண்டு ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெச்சுக்குங்ணா."

திட்டவில்லை. போகச் சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து பானட்டு மட்டும் அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே, அவர் தோள் உயரத்தில், அந்தக் கம்ப்ரஸர் குழாய் தொங்கியது. அவள் அதை எடுத்து வேறெங்கும் மாட்டவில்லை. நஞ்சப்பன் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவி வைப்பார். குழாயைத் தொடமாட்டார். சில நாள் அதன் பக்கம் திரும்பாமலே நிற்பார்.

எத்தனை நாளைக்கு இப்படி?

மச்சான் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். அடுக்குமாடி வீட்டு வாசலில் வாட்ச்மேன். நீலச் சட்டை தைத்து, தேய்த்து, வீட்டு ஆணியில் தொங்குகிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை ரேஸ் முடியட்டும். சொல்றேன்," என்றிருந்தார் நஞ்சப்பன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ரேஸ் ஓடுதளத்தை வாரிக்கொண்டிருந்தது. மூன்றாம் வளைவு புழுதியில் தெரியவே இல்லை. ஓடுதளத்தோரம் அவர்கள் நின்ற கூடாரத்துத் துணி படபடவென்று அடித்தது.

பதினோரு மணிக்கு ரேஸ். முப்பது சுற்று. பாதியில் ஒரு முறை கார் பிட்டுக்கு, அதாவது ஓடுதளத்தோரம் மெக்கானிக் நிற்கும் இடத்துக்கு, வந்து நின்று போக வேண்டும். ஒரு காருக்கு ஒரு மெக்கானிக்குக்குத்தான் அனுமதி. கையில் மஞ்சள் பட்டை கட்டியவர் மட்டுமே பானட்டைத் திறக்கலாம். சாரதாமணி சுவரோரம் நின்று, ஓட்டுகிறவனுக்குச் சுற்றுக் கணக்கைப் பலகையில் காட்ட வேண்டியவள். அதனால் பட்டையை வேறொருவர் கட்டியாக வேண்டும்.

பட்டை மேசை மேல் கிடந்தது. நஞ்சப்பன் அதைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் இருந்தார்.

பத்தேகாலுக்குக் கிரிதர் வந்தான். காரின் சொந்தக்காரனும் அவன்தான், ஓட்டுகிறவனும் அவன்தான். கையில் ஒரு பெட்டி. பின்னால் ஒரு புது ஆள்.

"அக்கா, புது ஃபில்டர். இன்னும் பிரிக்கவே இல்ல. காத்தை அள்ளிக் குடுக்குமாம்."

"ம்."

"புது ஆளும் கூட்டிட்டு வந்திருக்கேன். பிரணவ். புனேல படிச்சவர். இதுவரைக்கும் இவர் கையில ஒரு இன்ஜின் கெட்டதில்ல."

சாரதாமணி பிரணவைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை.

"எத்தனை ரேஸ் பாத்திருக்கீங்க தம்பி?"

"இதுதான் முதல் ரேஸுங்க மேடம்."

"அப்ப கெட்டிருக்க வழியில்லைங்க," என்றாள்.

பிரணவ் சிரித்தான். நல்ல பையன்தான். கிரிதர் சிரிக்கவில்லை. அவன் பார்வை நஞ்சப்பன் கையில் விழுந்தது.

"இதென்னங்ணா, மில்லைக் கூட்டி அள்ளிட்டு வந்தீங்களா? இத்தனை அழுக்கை வெச்சுட்டு நிக்கறீங்க!"

நஞ்சப்பன் ஃபில்டரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் நேராச் சொல்லிடறேன். புது ஃபில்டர், புது ஆள். சம்மதம்னா ஓட்டறேன். இல்லைன்னா நாளைக்கே வண்டியை வேற ஷெட்டுக்குக் கொண்டு போயிடுவேன்."

சாரதாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். காருக்குள் தூசி உறிஞ்சுகிற மோட்டாரை இழுத்து மேசை மேல் வைத்தாள். அதன் வாயில், காற்றழுத்தம் அளக்கும் மானி வைத்த ஒரு குழாயைச் சொருகினாள். வெள்ளை டைல் துண்டு ஒன்றில் கிரீஸ் தடவி, குழாய்க்குள் வைத்தாள். குழாயின் நுனியில் புது ஃபில்டரைப் பொருத்தினாள்.

"உங்க துண்டைக் குடுங்ணா."

நஞ்சப்பன் தோளிலிருந்த துண்டைக் கொடுத்தார். அவள் தரையிலிருந்து ஒரு கை புழுதி அள்ளித் துண்டில் சலித்தாள். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி மெல்லிய தூசி விழுந்தது. மோட்டாரைப் போட்டாள். ஒரு கரண்டித் தூசியை ஃபில்டரின் மேல் தூவினாள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு டைலை வெளியே எடுத்தாள். அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு வெள்ளையாகத் தெரிந்தது. கோட்டைச் சுற்றி லேசான செம்மண் நிறம்.

தூசி ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

வேறொரு டைல். கிரீஸ். இந்த முறை நஞ்சப்பன் கையிலிருந்ததை வாங்கிப் பொருத்தினாள். அதே கரண்டி, அதே தூசி.

டைல் வெளியே வந்தது. விரலால் இழுத்தாள். கோடே தெரியவில்லை. வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"புதுசுதானே மேடம் நல்லாப் பிடிக்கணும்?" பிரணவ் கேட்டான்.

அவள் நஞ்சப்பன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்ணா."

நஞ்சப்பன் புது ஃபில்டரைத் தொட்டுக் காட்டினார்.

"துணின்னா நூலுக்கு நூல் சந்து இருக்குங் தம்பி. புதுசுல எல்லாச் சந்தும் தொறந்து கிடக்கும். முதல்ல வர்ற தூசி அங்க போய் ஒட்டிக்குது. அப்புறம் வர்றது, ஒட்டினதுலயே ஒட்டுது."

"மூச்சு முட்டாதா இன்ஜினுக்கு?" கிரிதர் கேட்டான்.

சாரதாமணி குழாயில் இருந்த மானியைக் காட்டினாள். "ரெண்டுக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். ஒரு மாசம் ஓடினதுன்னா நானே தூக்கிப் போட்டிருப்பேன். இது ரெண்டு நாள் ஓடினது."

வெளியே ஒரு காற்று புழுதியைத் தூக்கிக் கூடாரத்தில் எறிந்தது. கிரிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. பழசையே போடுங்க. ஆனா ஆள் புதுசுதான். அதுல பேச்சே கிடையாது."

சாரதாமணி பழைய ஃபில்டரைக் குழாயிலிருந்து கழற்றி மேசை மேல் வைத்தாள்.

பத்து ஐம்பது.

நீலச் சட்டையின் காலர் நஞ்சப்பன் கண்முன் வந்தது. கஞ்சி போட்டது. கழுத்தை அறுக்கும்.

பிரணவ் ஃபில்டரைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தான். டயருக்குக் காற்றடிக்கும் குழாய் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்தான்.

"மேலாப்புல இருக்கறதை மட்டும் ஊதிடறேன் மேடம். லேசாத்தான்."

நஞ்சப்பன் சாரதாமணியைப் பார்த்தார்.

அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குழாயையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

சொல்லுங்க அம்மணி, என்று மனசுக்குள் கெஞ்சினார். நீங்க சொன்னாக் கேப்பாங்க. நான் சொன்னா, உனக்கென்ன தெரியும்னு கேப்பாங்க. கேட்டா என்ன பதில் சொல்லுவேன்?

அவள் சொல்லவில்லை.

பிரணவின் விரல் விசையில் அழுந்தியது.

நஞ்சப்பன் இரண்டே எட்டில் போய்க் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். காற்று சீறிக்கொண்டு விரலிடுக்கில் பிய்த்துக்கொண்டு போனது. கை எரிந்தது. எடுக்கவில்லை.

"ஏனுங்ணா, பைத்தியமா உங்களுக்கு?" கிரிதர் கத்தினான்.

பிரணவ் பயந்துபோய் விசையை விட்டான்.

நஞ்சப்பன் மற்றொரு கையால் சட்டைப் பையைத் துழாவினார். எட்டு மாதமாகப் பையில் இருந்து, துணி உரசி உரசி மழுங்கிப்போன ரிங் துண்டு. அதை எடுத்துப் பிரணவின் கையில் வைத்தார்.

"நானும் லேசாத்தான் அடிச்சேன் தம்பி."

பிரணவ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குழாயை மெல்லத் தரையில் வைத்தான்.

சாரதாமணி மேசையிலிருந்து மஞ்சள் பட்டையை எடுத்தாள்.

"கையை நீட்டுங்ணா."

அவர் நீட்டிய கையில் பட்டையைக் கட்டினாள். இரண்டு முடிச்சு.

"அக்கா!" கிரிதர் நடுவில் வந்தான். "என்ன பண்றீங்க? இந்தாள் கையில ஏற்கெனவே ஒரு இன்ஜின் போயிருக்கு!"

"ஆமாங் தம்பி. போயிருக்கு. அதனாலதான்."

இரண்டாவது டைலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கிரிதர் டைலைப் பார்த்தான். தன் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். பிறகு ஒதுங்கி வழிவிட்டான்.

ஓடுதளத்தில் சங்கு ஊதியது.

நஞ்சப்பன் போய்ப் பானட்டைத் திறந்தார்.