பாடிப்போனவள் கொடுத்த கோப்பை

கோப்பை ஒன்று. அதை வாங்கத் தகுதி உள்ளவர்கள் மூன்று பேர். விடை எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் கொஞ்சம் மண்டையைக் குடைந்துகொண்ட பிறகுதான் சொல்வேன். அதற்குத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்!

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. அதன் கபடி அணியில் பவதாரணி என்று ஒருத்தி. மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரணிக் கோட்டுக்குள் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதில் கெட்டிக்காரி. வேடிக்கை என்னவென்றால், மூச்சை வைத்து ஆடும் அந்த ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவளுக்கு ஆஸ்துமா.

அது அவள் அம்மா செண்பகத்துக்கும் தோழி நஸ்ரினுக்கும் மட்டுமே தெரியும். "பொம்பளப் புள்ளைக்கு இழுப்புன்னு வெளியில தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்பது அம்மாவின் கவலை. தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்பது மகளின் கவலை. அதனால் நீல இன்ஹேலர் நஸ்ரினின் இடுப்புப் பையில் ஒளிந்திருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பவதாரணியின் தலையில் கை வைத்து அவள் சத்தியமும் செய்திருந்தாள்.

நஸ்ரினும் ஆட்டக்காரிதான். ஆனால் அணியின் ஒரே மாற்று ஆள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டியே அவளுக்கு ஒரு வருடம் போயிருந்தது. பாவம், ஒரு ஆட்டத்திலாவது இறங்கிவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

வட்டாரப் போட்டி வந்தது. புழுதி பறக்கும் மைதானம். பாடிப்போய்த் திரும்பிய பவதாரணி கோட்டைத் தாண்டியதும் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தாள். கபடி மைதானத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்காதவர் யார்? ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடற்கல்வி ஆசிரியர் சுடலைமணி அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்.

"பாடிப் பாடித் தம் இறங்கிப் போச்சு. காலை நீட்டிப் படுக்க வைங்க. நஸ்ரின், நீ எறங்கு!"

நஸ்ரின் ஆசையோடு குனிந்து மைதானத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. மெல்லிய விசில் சத்தம். திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோழியின் கழுத்துக் குழி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"படுக்க வைக்காதீங்க சார்! நிமுந்து உக்கார வைங்க! அவளுக்கு ஆஸ்துமா!" என்று கத்திக்கொண்டே கோட்டுக்குள் கால் வைக்காமல் ஓடிவந்தாள்.

ஆசிரியர்கள் யாரும் எந்த மாணவிக்கும் மருந்து கொடுக்கக் கூடாது என்பது தலைமையாசிரியையின் கண்டிப்பான உத்தரவு. சுடலைமணி ஒரு கணம் தயங்கினார். பிறகு, "வேலை போனா போகட்டும்" என்று நஸ்ரின் நீட்டிய இன்ஹேலரை வாங்கி, அவள் சொல்லச் சொல்லப் பவதாரணியின் வாயில் வைத்து அழுத்தினார். ஆட்டோவில் நஸ்ரின் அவளைத் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனாள். பிள்ளை பிழைத்தது. ஆறு பேரோடு ஆடிய அணி தோற்றது.

பழி நஸ்ரின் தலையில் விழுந்தது. "ஒன் இடத்தைப் புடிக்கத்தான் போட்டுக் கொடுத்தா" என்று மற்றப் பெண்கள் ஓத, பவதாரணியும் நம்பிவிட்டாள். பேச்சு நின்றது. நஸ்ரின் அதன்பிறகு மைதானத்துப் பக்கமே போகவில்லை. பிள்ளைகளுக்குள் நடந்த இந்தச் சண்டை சார் காதுக்கு எட்டவே இல்லை.

சாரிடம் விளக்கம் கேட்டார்கள். "இன்னொரு தடவை நடந்தாலும் இதையேதான் செய்வேன்" என்றார். கடைசியில் உத்தரவுதான் மாறியது. எல்லா ஆசிரியர்களும் இன்ஹேலர் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். விளையாட்டுப் பையில் பந்தோடு அதுவும் ஏறியது.

செண்பகமோ மகளை இனி அனுப்பவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தடுப்பு மருந்தைத் தினமும் ஒழுங்காக எடுத்து, ஆடுவதற்கு முன் இன்ஹேலரும் எடுத்துக்கொண்டால் தாராளமாக ஆடலாம் என்று டாக்டர் சொல்லிச் சொல்லித்தான் அவள் மனம் இளகியது. ஆனால் இளகியவள் சும்மா இருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "எம்புள்ளைக்கு ஆஸ்துமா. அவ கபடியும் ஆடுவா" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

அடுத்த வருடம் இறுதி ஆட்டம். அணித் தலைவி பவதாரணி எல்லோரும் பார்க்கவே இன்ஹேலரை எடுத்து மருந்தை இழுத்தாள். எதிரணியில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்! கடைசிப் பாட்டுக்கு அவள்தான் போனாள். இரண்டு பேரைத் தொட்டாள், மூன்றாமவள் காலைப் பிடித்து இழுக்க, பாட்டு அறுபடாமல் தவழ்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். கோப்பை வந்துவிட்டது!

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிக்குக் காரணம் என்று தலைவி நினைக்கும் ஒருவர்தான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டும். வாசலில் மேளம் முழங்குகிறது. உத்தரவை மீறிய சார் நிற்கிறார். ஊர் வாய்க்கு அஞ்சாத அம்மா நிற்கிறாள். கூட்டத்துக்குப் பின்னால் சத்தியத்தை மீறிய நஸ்ரினும் நிற்கிறாள்.

சொல்லுங்கள், கோப்பை யாருக்குச் சேர வேண்டும்?

பவதாரணி முதலில் சாரிடம்தான் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "நான் உன்னைப் படுக்க வைக்கச் சொன்னவன்மா. நஸ்ரினை எறங்கச் சொன்ன பிறகுதான் அவ வாயைத் தொறந்தா. அவகிட்ட கொடு" என்றார். பவதாரணிக்கு அப்போதுதான் உறைத்தது. இடத்துக்கு ஆசைப்பட்டவள் என்றால், கைக்கு வந்த இடத்தில் பேசாமல் காலை வைத்திருப்பாளே! சாருக்கு உத்தரவு மாறியது, அம்மாவுக்கு டாக்டர் தைரியம் சொன்னார். நஸ்ரினுக்குத்தான் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆட்டமும் போனது, தோழியும் போனாள். செண்பகமே கூட்டத்தை விலக்கி மகளுக்கு வழிவிட்டாள். "ஏட்டி, புடி. கனக்குது" என்றாள் பவதாரணி, ஒரு வருடத்துக்குப் பிறகு. நஸ்ரின் அழுதுகொண்டே கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கினாள். மேளத்தையும் மிஞ்சி விசில் அடித்தது யார் என்று திரும்பிப் பார்த்தால், பவதாரணி.