கட்டத்துக்குள் வராத கால்

"எப்பா, கட்டத்துக்குள்ள வாங்க!"

பியூலா கத்தியது தூத்துக்குடி கடற்கரைச் சாலை முழுக்கக் கேட்டது. ஞானதுரைக்கு மட்டும் கேட்கவில்லை. கட்டத்துக்கு ரெண்டடி வெளியே, கையில் இளநீரோடு நின்றுகொண்டு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திடம் அவர் ஆரம்பித்துவிட்டார்: "இன்னைக்கு நான் ஓடின ஓட்டம் இருக்கே..."

விஷயம் இதுதான். குடும்ப ரிலே. அப்பா பத்து கிலோமீட்டர் ஓடணும், மகள் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கணும், அம்மா ரூபி ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிக்கணும். அப்பாவின் கணுக்காலில் கட்டியிருக்கிற பட்டைதான் நேரத்தைக் கணக்கு பண்ணும். சுண்ணாம்பு போட்ட அந்தக் கட்டத்துக்குள் வந்து, அவரே அதைக் கழற்றி மகள் கையில் கொடுக்கணும். பியூலா பட்டை வாங்காமல் கட்டத்தை விட்டு வந்தாலோ, யாராவது அப்பாவைப் பிடித்து உள்ளே தள்ளினாலோ அணி அவுட். ஒன்பது மணிக்கு விசில் ஊதினால் கட்டமே மூடிவிடும்.

"இதை மூணு பேரும் முடிச்சிட்டா நீ கோவை விளையாட்டு விடுதிக்குப் போயி சைக்கிள் பயிற்சி எடு" என்று சொன்னவர் இதே ஞானதுரைதான். ப்ளஸ் டூ முடித்த நாளிலிருந்து அவள் அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மிதித்துக்கொண்டிருக்கிறாள். மற்ற அணிகளின் சைக்கிள் எல்லாம் போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

"ஓட்டம் ஆரம்பிச்சதும் என் ஷூ லேஸ் அவுந்துட்டு," என்றார் ஞானதுரை. "குனிஞ்சு கட்டிட்டு நிமிருதேன், ஒருத்தனையும் காணோம். சரி, பாவம், போகட்டும்னு ஒரு இளநீரைக் குடிச்சிட்டுத்தான் கிளம்புனேன். ஒரே மூச்சு! நான் தாண்டுன வேகத்துல முன்னால போனவனுவ சட்டையெல்லாம் முன்பின்னா திரும்பிட்டு."

"அப்புறம் ஏன் வேய் கடைசியா வாரீரு?" என்று கேட்டார் இசக்கிமுத்து. உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர், ஞானதுரையின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. கைதட்டத்தான் வந்திருந்தார். இன்னும் ஒரு தட்டுக்கும் வழி கிடைக்கவில்லை.

"கடைசியாவா? இந்த இடத்தை நான் முதல்லயே தாண்டிட்டேன் வேய். நீங்க எல்லாரும் கண்ணு சிமிட்டுன நேரம். நிக்கணும்னுதான் பார்த்தேன், காலு கேட்டாத்தானே? கொண்டுபோயி திருச்செந்தூர்ல விட்டுட்டு. வந்தது வந்தாச்சுன்னு கடல்ல ஒரு முங்கு போட்டுட்டுத் திரும்புதேன்."

"எப்பா, பட்டை!"

"இரு பிள்ள, சொல்லிட்டு வாரேன். திரும்பி வரும்போது உப்பளம். வேர்வை சும்மா ஆறா ஓடுது. பாத்தி ஒவ்வொண்ணா ரொம்புது, வெயில் படுது, உப்பா விளையுது. அங்க நின்ன பொம்பளையெல்லாம் 'அண்ணாச்சி, போதும், வாருறதுக்கு ஆளில்ல'ன்னு கையெடுத்துக் கும்பிடுதாவ. நாலு லாரி உப்பு!"

இசக்கிமுத்து பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "சட்டை இஸ்திரி மடிப்புகூடக் கலையலையே வேய்?"

"நனையுறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? எல்லாத்தையும் பாத்தியில விட்டுட்டு வந்துட்டேன்லா."

கூட்டம் சிரித்தது. அதுதான் வினை. நாலு பேர் சிரித்தால் ஞானதுரைக்குச் சோறு தண்ணி வேண்டாம். விசில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ரூபி, சுடிதாருக்குக் கீழே புது ஷூவோடு, "ஏங்க, பிள்ளை முகத்தைப் பாருங்க, ரெண்டடி எடுத்து வையுங்க" என்றாள்.

"வைக்கலாம். வைக்கக் கூடாது," என்றார் ஞானதுரை, குரலைத் தணித்து. "ரயில்வே கேட்டு போட்டிருந்தான். நான் வாரதைப் பார்த்து ரயிலு நின்னுட்டு. டிரைவர் இறங்கி வந்து, 'முதல்ல நீங்க போங்க சார்'ங்கான். அவனுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு அங்கருந்து எடுத்தேன் பாருங்க ஒரு ஓட்டம், என் நிழலால ஈடுகொடுக்க முடியல. மூச்சு வாங்கி உக்காந்துட்டு. இப்பதான் முக்காணிப் பாலத்துக்கிட்ட வந்துக்கிட்டிருக்கும். பாதி ஆளா கட்டத்துக்குள்ள வந்தா அது மோசடி. எனக்கு நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா? நிழல் வரட்டும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் கடலுக்கு மேலே நின்றது.

"உம்ம நிழலு அப்பவே கட்டத்துக்குள்ள வந்துட்டு வேய்," என்றார் இசக்கிமுத்து. "நீருதான் வெளிய நிக்கீரு."

உண்மைதான். நிழலின் தலை பியூலாவின் சைக்கிள் சக்கரத்துக்கடியில் நீட்டிப் படுத்திருந்தது. ஞானதுரை ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். "அது என்னுது இல்ல," என்றார். "வழியில எவனோ விட்டுட்டுப் போனது. பாவம், என் பின்னால வந்துட்டு."

விசில் ஊதியது. ஒன்பது மணி.

பியூலா அழவில்லை. ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள்.

"பட்டையில்லாம போனா கணக்கில்லம்மா," என்றார் விசில்காரர்.

"தெரியும் சார்." மிதித்துவிட்டாள்.

அவள் நாற்பதையும் முடித்து, காலும் சட்டையும் புழுதியாகத் திரும்பியபோது ஞானதுரை அதே இடத்தில்தான் நின்றார். கூட்டம் மட்டும் புதுசு. கதையில் திருச்செந்தூர் போய்க் கன்னியாகுமரி வந்திருந்தது, உப்பு பதினேழு லாரி ஆகியிருந்தது. பியூலா வெறும் கையை நீட்டினாள். ரூபி அந்த வெறும் கையைத் தட்டிவிட்டு ஓடினாள். ஓடி முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஞானதுரையின் நிழல்கூடக் கட்டத்தில் காத்திருந்து சலித்து அவர் காலடிக்கே திரும்பியிருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் முடிச்சாச்சு," என்றாள் ரூபி. "திங்கக்கிழமை பிள்ளையக் கோவையில நானே கொண்டுபோய் விடுதேன்."

"அதெப்படி? பட்டை இல்லாம ஓடுனதெல்லாம் கணக்குல வராது."

"பட்டையோட நின்னது மட்டும் வருமா வேய்?" என்றார் இசக்கிமுத்து. அன்றைக்கு அவர் முதல்முறையாகக் கைதட்டினார். பியூலாவுக்கும் ரூபிக்கும்.

கூட்டம் கலைந்தது. பந்தலைப் பிரித்தார்கள். யாரோ தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்புக் கட்டத்தையும் கழுவிவிட்டார்கள். கடைசியில் விசில்காரர் வந்தார்.

"சார், கட்டத்துக்குள்ள எல்லாம் வர வேண்டாம், கட்டமே இல்ல. அந்தப் பட்டையைக் கழற்றிக் குடுத்தீங்கன்னா நாங்க வீட்டுக்குப் போவோம்."

ஞானதுரை பட்டை கட்டிய காலைத் தூக்கி, பந்தல் மூங்கில்மேல் வைத்தார். "இந்தக் காலு இருக்கே சார்..."

காலையிலிருந்து அவரிடம் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பட்டையைக் கழற்றிக் கொடு. அவர் கொடுக்கவில்லை.