ஃப்ரீசரில் ஒரு நண்டுக்கறி

மரத்தடியில் இளம் குருவும் நரைத்த சீடர்களும் அமர்ந்திருந்ததாகச் சொல்வார்கள். கனடாவின் ஸ்காபரோவில் அதற்கெல்லாம் வழியில்லை, ஆண்டில் பாதி பனி. அதனால் இந்தக் குருவும் சீடரும் ஒரு வீட்டின் நிலவறையில் நின்றார்கள்.

குரு துஷ்யந்தனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டிலேயே பியர் காய்ச்சக் கற்றுக்கொடுப்பவர். சீடர் பரநிருபசிங்கம் பேரப்பிள்ளை கண்டவர். மனைவி யோகமலர் போன பிறகு மனுஷன் யாருக்கும் முகம் கொடுப்பதில்லை என்று மகள்தான் அவரை இந்த வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளினாள். முதலில் காய்ச்சிய பியர் வாயில் வைக்க முடியாமல் புளித்தது. அடுத்தது பரவாயில்லை.

அதைக் குளிராக வைத்து, குழாயைத் திறந்தால் கோப்பையில் விழும்படி செய்ய வேண்டும். அதற்குத்தான் நிலவறையில் கிடந்த ஃப்ரீசர். கனடாவில் தமிழர் வீடென்றால் ஆட்டிறைச்சிக்கும் பெட்டி பெட்டியாக வாங்கும் மீனுக்கும் இப்படியொன்று இருக்கும். உள்ளே ஆளே படுக்கலாம். அதன் சுவரில் துளை போடப் போன சீடரைக் குரு தடுத்தார். சுவருக்குள் காஸ் ஓடுகிறது, அதில் துளை பட்டால் பெட்டி செத்தது என்றார். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் வைத்து, அதில் குழாய்களைப் பூட்டினார்கள்.

குளிரைக் கட்டுப்படுத்தும் கருவியைக் குரு கையில் எடுத்தபோதுதான் சீடர் மூடியைத் திறந்து, அடியில் கிடந்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் காட்டினார்.

யோகமலர் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கறிகளைச் சமைத்து, டப்பா டப்பாவாக உறைய வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வரவில்லை. மற்றதெல்லாம் தீர்ந்து இந்த நண்டுக்கறி மட்டும் மிஞ்சியது. இரண்டு வருஷமாக ஃப்ரீசர் ஓடியது இந்த ஒரு டப்பாவுக்காகத்தான். மேலே சமையலறையில் வைத்தால் துப்புரவாக்க வரும் மகள் குப்பையில் போட்டுவிடுவாள் என்று பயம்.

"தம்பி, ஒரு மூலை மட்டும் உறைஞ்சபடி இருக்க, மிச்சத்தில பியர் வைக்க வழி இருக்கோ?"

"இல்லை அண்ணை. ஒரு பெட்டிக்கு ஒரு குளிர்தான்."

"அப்ப இதை நான் என்ன செய்யிறது?"

குரு பியர் உறையாத அளவுக்குக் கருவியை மூன்று டிகிரியில் வைத்தார். டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டு மூடியைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று முளைத்த பொடியனுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று சீடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவியைத் திருப்பிவிடப் படியிறங்குவார். அதில் கையை வைப்பார். பிறகு கையை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுவார். ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமை டப்பாவை அசைத்துப் பார்த்தார். உள்ளே குழம்பு அலம்பியது. மூடியைக் கொஞ்சம் நெம்பியதும் முருங்கையிலையும் மிளகாய்த்தூளும் சேர்ந்த அந்த வாசம் எழும்பியது. செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் குரு பியர்க் கலனைத் தோளில் சுமந்து வந்தார். சீடர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தார்.

"உருகிப் போச்சுது தம்பி. திருப்பி உறைய வைக்கலாமோ?"

குரு கலனை இறக்கினார். டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"கூடாது."

"அவ காச்சின கடைசிக் கறி. இதையும் சாப்பிட்டா, பிறகு ஒண்டுமில்லை."

குரு டப்பாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இண்டைக்குச் சாப்பிடலாம் அண்ணை. நாளைக்கு ஏலாது."